வியாழக்கிழமை: மழைப் பாடல்கள்

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
பாளம் எண்ணி எழுதுகிற அதே மேசையில்
இரவு பத்து மணிக்கு
நீலத்திட்டு வானொலியைத் திறக்கிறேன்.

நீலத்திட்டு எந்த வரைபடத்திலும் இல்லை.
எவனோ கணினிக்குள் கட்டிவிட்ட தீவு.
அங்கே என் பெயர் சாளை.
ஊதா முடி. முட்டி வலி கிடையாது.
கடல் உண்டு, கவிச்சி இல்லை,
ஓதம் ஏறுவதுமில்லை வற்றுவதுமில்லை.
நடுவில் ஒரு மேடை.
இருபது முப்பது பேர் வந்து ஆடுவார்கள்
கால் தரையில் பாவாமல்.

திங்கள்கிழமை தூத்துக்குடி ரெக்சன்
கதவுப் பாடல்கள் போடுவான்:
தட்டுவது, சாத்துவது, திறக்காமலே போவது.
சனிக்கிழமை குவைத்திலிருந்து நூருல் அய்ன்,
சண்டை போடும் ஜோடிகள் மட்டும்.
ஒரு வாரம் எல்லோரும் சேர்ந்து
காதலியைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பாட்டுகளைத் தேடினோம்.
கண்ணே, மானே, கிளியே என்று
காடு காடாய் வந்தது.
பேருள்ளவர்கள் மொத்தம் பதினோரு பேர்.

எனக்கு வாய்த்தது மழை,
கண்மாய் வெடித்துக் கிடக்கும் மாவட்டத்துக்காரிக்கு.
நனைய ஒன்று, ஒதுங்க ஒன்று,
குடை ஒன்றும் ஆள் இரண்டுமாய் ஒன்று.
சிலதைக் கேட்டாலே தெரிந்துவிடும்
தண்ணி லாரியில் வந்த மழையென்று.
அதையும் போடுவேன். நனைந்தவர்கள் நனைந்தவர்கள்தானே.
பாட்டுக்கு நடுவே தணிந்த குரலில் பேசுவேன்.
பக்கத்து அறையில் கம்ப்ரசர் உறுமும்.
'பின்னணி இசை யாருது, அருமை' என்று
ஒருவன் கேட்டிருக்கிறான்.

மொட்டைப்பனை என்று ஒருவர் வருவார்.
ஆடமாட்டார்.
மேடையின் கிழக்கு மூலையில் நிற்பார்.
ஒரு பாட்டும் கேட்டதில்லை.
ஊர் எது என்றால்
'கரை' என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

ஐப்பசிக் கடைசி வியாழன்.
நாலாவது பாட்டு ஓடுகையில் எழுதினார்:
கொண்டல் எழும்பிட்டுது.

டொரண்டோவில் கொண்டல் கிடையாது.
குவைத்திலும் கிடையாது.
எங்கள் பக்கம் 'எழும்பிருச்சு' என்போம்.
அந்த ஒரு 'துது'வில்
ஆளின் கரை எனக்குத் தெரிந்துபோனது.
கடக்காமலே என் போனுக்கு
'இலங்கைக்கு நல்வரவு' என்று
குறுஞ்செய்தி வருமே, அந்தக் கரை.

அடுத்த வரி:
ஓட்டில கல்லு விழுற மாதிரிக் கிடக்கு
அதற்கடுத்தது:
இனிக் கரண்
அதோடு நின்றது.
மூலையில் அவர் உருவம்
முதலில் உறைந்தது, பிறகு இல்லை.

சன்னல் வழியே பார்த்தேன்.
வானம் துடைத்து வைத்தது போல,
ஒரு இலை அசையவில்லை.
ஐந்தாவது பாட்டைத் தட்டிவிட்டு வெளியே போய்
வாட்ச்மேன் இன்னாசியிடம் சொன்னேன்,
உமி மூட்டைகளை உள்ளே எடுங்கள், மழை வருது.
அவர் நட்சத்திரங்களைக் காட்டிச் சிரித்தார்.
யார் சொன்னது என்று கேட்டார்.
ரேடியோவில் என்றேன்.
நான்தான் ரேடியோ என்று சொல்லவில்லை.
நல்ல மனுஷன், முணுமுணுத்தபடி தூக்க ஆரம்பித்தார்,
மூட்டைக்கொரு பீடி வீதம்.

பத்துப் பாட்டு போனது.
மழையை வர்ணித்து, வரவேற்று, வையாமல் வைது
பத்துப் பாட்டு.
பதினொன்றாவதில் பல்லவி திரும்பும் இடத்தில்
தகரத்தில் முதல் சொட்டு,
அப்புறம் எண்ண முடியாமல்.
கரண்ட் போனது.
கம்ப்ரசர் மூச்சை நிறுத்தியது.
ஏழு மூட்டை உள்ளே, ஐந்து நனைந்தது.
இன்னாசி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில்
பாதி பயம்.

என் போனில் நாலு சதவீதம்.
நீலத்திட்டில் எல்லோரும்
பாட்டில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்,
நிறுத்தும் பொத்தானை யாரும் அமுக்கவில்லை.
'சாளை, அடுத்தது?'
'சாளை?'

மறு வியாழன் அவர் வந்தார்.
அதே மூலை.
முதல் முறையாக ஒரு கேள்வி:
உங்களுக்கு எத்தினை மணிக்கு வந்தது?
பதினொன்று அஞ்சு.
எனக்குப் பத்து இருபது.

நாற்பத்தைந்து நிமிஷம்.
வேறு பேசவில்லை.
ஆடாமல் நின்றார்.
குடைப் பாட்டைப் போட்டேன்.